சாம்பல் கிண்ணத்துக்கு ஒரு சுழல் கை

நாற்காலியின் கைப்பலகையிலிருந்து ஓர் இரும்புக் கை நீண்டு, அதன் நுனியில் ஒரு பித்தளைக் கிண்ணம் அமர்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? புகைப்பவர் சாம்பலைத் தட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. வேண்டும்போது கிண்ணத்தைக் கைக்கு அருகில் இழுத்துக்கொள்ளலாம். எழுந்திருக்கும்போது வெளிப்பக்கமாகத் தள்ளிவிடலாம். நிலையில் கதவு திரும்புவதைப் போல நாற்காலியில் இது திரும்பும். இன்றைய மாணவர்களில் பலர் இதைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் பழைய வீடுகளின் தாழ்வாரங்களில் இன்னும் ஒன்றிரண்டு மிச்சமிருக்கின்றன.

அவற்றுள் ஒன்று பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் என் தாய்மாமாவின் வீட்டில் இருக்கிறது. நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். திரைப்படங்களுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாள்தோறும் நம் கையும் காலும் படுகிற பொருள்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒரு பொருளும் ஒரு கருத்தைத்தான் சொல்கிறது. அந்தக் கருத்து சரியா, சொன்ன முறை சரியா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆகவே மாமாவின் சாம்பல் கிண்ணத் தாங்கிக்கு இங்கே ஒரு மதிப்புரை எழுதுகிறேன். செய்தவர் பெயர் அதில் இல்லை. அதனால் யாருக்கும் மனவருத்தம் வராது.

சென்ற ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மாமா என்னைக் கூப்பிட்டார்.

“என்னடே, நீ பிசிக்ஸ் வாத்தியார்தானே? இதுக்கு என்ன நோக்காடுன்னு பாரு. வச்ச எடத்துல நிக்க மாட்டேங்கு. எண்ணெ விட்டேன், அதுக்கப்புறம் இன்னும் கூடிப்போச்சு.”

எண்ணெய் விட்டபின் நோய் கூடியது என்ற அந்த ஒரு வரியிலேயே விடை பாதி இருக்கிறது. எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

நாற்காலியின் குலம்

முதலில் நாற்காலியைப் பார்ப்போம். தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், நீண்ட கைப்பலகை. கைப்பலகையின் அடியில் இன்னொரு பலகை மறைந்திருக்கும். அதை முன்னால் திருப்பினால் கைப்பலகை இரு மடங்கு நீளும். அதன்மேல் கால்களை நீட்டிக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அசம்பு மலைச் சரிவுகளில் காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர்களும், அவர்களைப்போல் மற்ற மலைகளில் தோட்டம் வைத்திருந்தவர்களும் விரும்பி அமர்ந்தது இவ்வகை நாற்காலி. மலையாளத்தில் ‘சாருகசேர’ என்பார்கள். நமக்குச் சாய்வு நாற்காலி. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகம்மது மீரான் தம் நாவல் ஒன்றுக்கு இந்த நாற்காலியின் பெயரையே வைத்தார். 1997-இல் அதற்குச் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. இந்த மாவட்டத்தில் சாய்வு நாற்காலி என்பது மரச்சாமான் மட்டுமன்று, ஒரு காலத்தின் அடையாளமும் ஆகும் என்பதற்கு அதுவே சான்று.

நாற்காலியின் அடிப்பலகை திரும்புவதையும் சாம்பல் கிண்ணம் திரும்புவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் நிலைக்குத்தான ஒரு முளையைச் சுற்றிக் கிடைமட்டமாகத் திரும்புகின்றன. ஆனால் மரப்பலகையைச் செய்த ஆசாரி, பலகையும் பலகையும் அகலமாக ஒட்டி உராயும்படி செய்திருக்கிறார். வைத்த இடத்தில் அது நிற்கிறது. இரும்புக் கையைச் செய்தவர் பேனா பருமனுள்ள கம்பி ஒன்றை முளையாக வைத்துவிட்டார். வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

இதே பாடத்தை இன்னும் அழகாகச் சொல்கிற பொருள் ஒன்று தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கிறது. வாயில் மண்டபமாகிய பூமுகத்தின் கூரையிலிருந்து தொங்கும் குதிரை விளக்கு அது. விளக்கை எந்தத் திசைக்குத் திருப்பினாலும் அந்தத் திசையிலேயே நிற்கும் என்று சுற்றிக்காட்டுபவர்கள் வியப்போடு சொல்வார்கள். வியக்க வேண்டியதுதான், ஆனால் மாயம் ஒன்றும் இல்லை. கயிற்றில் ஒரு பொருளைத் தொங்கவிட்டுத் திருப்பினால் கயிறு முறுக்கேறும். விட்டவுடன் முறுக்கு அவிழ்ந்து பொருள் திரும்பிவிடும். உலோகத்தில் உறுதியாகச் செய்த தொங்கலில் அவ்வாறு முறுக்கேற இடமில்லை. மேலும் விளக்கின் எடை, திரும்பும் அச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. எப்பக்கம் திருப்பினாலும் விளக்கு மேலே ஏறுவதுமில்லை, கீழே இறங்குவதுமில்லை. ஆகவே புவியீர்ப்புக்கு அங்கே வேலை இல்லை. இதனையே இயற்பியலில் நடுநிலைச் சமநிலை என்கிறோம். பாடப்புத்தகத்தில் தரைமேல் உருளும் பந்தைக் காட்டி இதை விளக்குவார்கள். நம் மாவட்ட மாணவர்களுக்கு அந்த விளக்கைக் காட்டியே விளக்கலாம்.

முதல் கேள்வி: கைக்கு எட்டுகிறதா?

இதில் தாங்கிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். சாய்ந்து அமர்ந்திருக்கும் ஒருவர் கையை நீட்டும்போது முழங்கை கைப்பலகைமேல் ஊன்றியிருக்கும். கை முழங்கையை மையமாகக் கொண்ட ஒரு வட்ட வில்லில் நகரும். 25 செ.மீ. நீளமுள்ள இரும்புக் கையின் நுனியிலுள்ள கிண்ணமும் ஒரு வட்ட வில்லில் நகரும். இரண்டு விற்களும் சந்திக்கும் இடத்தில் கிண்ணத்தை நிறுத்தினால், உடலை அசைக்காமலே சாம்பலைத் தட்டலாம். தரையில் வைத்த கிண்ணத்துக்குக் குனிய வேண்டும். முக்காலியில் வைத்ததற்குத் திரும்ப வேண்டும். இதற்கு இரண்டும் வேண்டா. செய்தவர் மனித உடலைக் கவனித்திருக்கிறார் என்பது தெரிகிறது.

இரண்டாம் கேள்வி: வைத்த இடத்தில் நிற்கிறதா?

நிற்கவில்லை. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கிண்ணமும் கையும் சேர்ந்து அரைக் கிலோகிராம். எடை முழுவதும் முளையிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முளை 8 மி.மீ. தடிப்புள்ள கம்பி; ஒன்றுக்கொன்று 5 செ.மீ. இடைவெளியுள்ள இரண்டு வளையங்களுக்குள் அது திரும்புகிறது. கிண்ணத்தின் எடை ஏறத்தாழ 4.9 நியூட்டன். அது முளையைச் சாய்க்க முயலும் திருப்புத்திறன் 4.9 × 0.25, அதாவது ஏறத்தாழ 1.2 நியூட்டன்-மீட்டர். இதனை மேல் வளையம் ஒரு பக்கமும் கீழ் வளையம் எதிர்ப்பக்கமும் தள்ளித் தாங்குகின்றன. வளையங்களின் இடைவெளி 0.05 மீட்டர் ஆதலால், ஒவ்வொரு வளையத்திலும் ஏறத்தாழ 24.5 நியூட்டன் விசை. உராய்வுக் கெழு 0.2 என்றும் முளையின் ஆரம் 4 மி.மீ. என்றும் கொண்டால், இரண்டு வளையங்களிலும் சேர்ந்து கிடைக்கும் உராய்வுத் திருப்புத்திறன் 0.039 நியூட்டன்-மீட்டர். கையின் அடிப்பரப்பு கீழ் வளையத்தின்மேல் உராய்வதால் இன்னும் ஒரு 0.006 சேரும். மொத்தம் 0.045. கிண்ணத்தைத் தடுத்து நிறுத்துவது இவ்வளவுதான்.

முளை மிகச் சரியாக நிலைக்குத்தாக இருந்தால் இதுவே போதும். குதிரை விளக்கைப்போல் கிண்ணம் வைத்த இடத்தில் நிற்கும். ஆனால் முளை சிறிது சாய்ந்தாலும் கிண்ணத்தின் பாதையில் மேடும் பள்ளமும் உண்டாகிவிடும். பள்ளத்தை நோக்கிப் போக அது விரும்பும். 3 பாகை சாய்வில் இந்த விருப்பத்தின் அளவு, அதாவது புவியீர்ப்பின் திருப்புத்திறன், பக்கவாட்டில் நிற்கும்போது 0.064 நியூட்டன்-மீட்டர். உராய்வோ 0.045. புவியீர்ப்பு வென்றுவிடும். இரண்டும் சமமாகும் சாய்வு ஏறத்தாழ 2.1 பாகை. அதற்கு மேல் சாய்ந்தால் கிண்ணம் பக்கவாட்டில் நிற்காது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். கிண்ணத்தை இன்னும் கனமாகச் செய்தால் நிற்குமா? நிற்காது. எடை கூடினால் புவியீர்ப்பின் திருப்புத்திறன் கூடும். அதே விகிதத்தில் வளையங்களின் மேலுள்ள விசையும், அதனால் உராய்வும் கூடும். இரண்டும் கூடிக் கழிந்துவிடும். கையின் நீளத்தைக் கூட்டினாலும் கதை அநேகமாக இதுதான். நிற்பதும் நிற்காததும் மூன்றைப் பொறுத்தவை: முளையின் பருமன், வளையங்களின் இடைவெளி, உராய்வுக் கெழு. ‘கனமான பித்தளை, அசையாது’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

மாமாவின் எண்ணெய் வைத்தியமும் இப்போது விளங்கும். தேங்காய் எண்ணெய் விட்டதும் உராய்வுக் கெழு பாதியாகக் குறைந்திருக்கும் என்று கொள்ளுங்கள். 2.1 பாகை வரை தாங்கியது, ஒரு பாகைக்கே ஓடத் தொடங்கும். கீச்சிடும் கதவுக்கு எண்ணெய் நல்லது. நிற்க வேண்டிய கதவுக்கு அது கெடுதல்.

சரி, மாமாவின் நாற்காலியில் சாய்வு எவ்வளவு? ஒரு மூலைமட்டத்தின் துணையோடு 30 செ.மீ. அளவுகோலைக் கைப்பலகைமேல் செங்குத்தாக நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்யும் வேலைதான். அளவுகோலின் அடியிலிருந்து நூல் 2.1 செ.மீ. விலகி நின்றது. அப்படியானால் சாய்வு 4 பாகை. சாய்வு நாற்காலியின் கைப்பலகை முன்புறம் சிறிது உயர்ந்தும் பின்புறம் தாழ்ந்தும் இருப்பது வழக்கம். முழங்கை வழுக்காமல் இருக்க ஆசாரி அவ்வாறு செய்வார். தாங்கியைப் பொருத்தியவர் மரத்துக்குச் செங்குத்தாக முளையை நிறுத்திவிட்டார். பூமிக்கு நிலைக்குத்தாக நிறுத்தவில்லை. தவறு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

4 பாகையில் புவியீர்ப்பின் திருப்புத்திறன் 0.085. உராய்வைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பள்ளம் பின்பக்கம். ஆகவே மாமா எழுந்திருப்பதற்காகக் கிண்ணத்தை வெளிப்பக்கம் தள்ளினால், அது சற்று நின்று யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, மெல்லப் பின்னால் நகர்ந்து, முழங்கை ஓரமாக வந்து சேரும். அங்கே கைப்பலகைமேல் மாமாவின் துண்டு கிடக்கும். துண்டில் இரண்டு கருகிய ஓட்டைகளும் பிரம்புப் பின்னலில் ஒரு கரும்புள்ளியும் இருந்ததற்குக் காரணம் இதுதான். அவை மாமாவின் கவனக்குறைவால் வந்தவை என்று அத்தை நெடுநாளாகக் குற்றம் சாட்டிவந்தார். பாதிக் குற்றம் முளையினுடையது என்று நான் சான்று சொன்னேன்.

மூன்றாம் கேள்வி: எழும்போது விலகுகிறதா?

விலகுகிறது, அளவுக்கு மீறி விலகுகிறது. 0.045 நியூட்டன்-மீட்டர் உராய்வை வெல்ல, சமதரையில் நுனியில் 0.18 நியூட்டன் விசை போதும். இது 18 கிராம் எடைக்குச் சமம். நீங்கள் எழுதும் ஏ-4 தாள் நான்கு சேர்ந்தால் ஏறத்தாழ இவ்வளவு எடை வரும். முழங்கால் படவேண்டாம், வேட்டி நுனி பட்டாலே கிண்ணம் ஓடும்.

ஓடினால் என்ன? ஓடுவதில் ஆபத்து இல்லை, நிற்பதில்தான் ஆபத்து. கையின் ஓட்டத்தை நிறுத்த ஓர் இரும்புக் கட்டை வைத்திருக்கிறார்கள். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வரும் கிண்ணம், கட்டையில் மோதி 2 மி.மீ. தூரத்துக்குள் நிற்கிறது என்று கொண்டால், அதன் எதிர்முடுக்கம் விநாடிக்கு விநாடி 62 மீட்டருக்கு மேல். அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஆறு மடங்கு. கிண்ணம் நின்றுவிடும், விளிம்பில் கிடக்கும் பீடி நிலைமத்தால் தன் வழியே தொடர்ந்து போகும். ஓடும் பேருந்து திடீரென நின்றால் நாம் முன்னே சாய்வதுபோல. அந்த இடத்தில் ஒரு துண்டு ரப்பரை வைத்து, நிற்கும் தூரத்தை 2 மி.மீ.க்குப் பதில் 1 செ.மீ. ஆக்கியிருந்தால் அதிர்ச்சி ஐந்தில் ஒன்றாகக் குறைந்திருக்கும். ரப்பர் விளையும் மாவட்டத்தில் ஒரு துண்டு ரப்பருக்கா பஞ்சம்?

எழுந்திருக்கும்போது நேரும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயதானவர்கள் எதையாவது பற்றிக்கொண்டுதான் எழுவார்கள். பக்கத்தில் உறுதியாகத் தோன்றும் இரும்புக் கை இருந்தால் அதையே பற்றுவார்கள். 15 கிலோகிராம் எடையளவுக்கு ஊன்றினால், 5 செ.மீ. இடைவெளியுள்ள வளையங்கள் ஒவ்வொன்றிலும் 700 நியூட்டனுக்கு மேல் விசை விழும். மரத்தில் இறங்கிய இரண்டு திருகாணிகள் எத்தனை நாள் இதைத் தாங்கும்? மாமாவின் நாற்காலியில் திருகாணித் துளைகள் இளகி, அங்கே தீக்குச்சிகளைச் செருகி இறுக்கியிருந்தார்கள். கைப்பலகையை மேலும் கீழும் கவ்விப் பிடிக்கும் பட்டை ஒன்று இருந்திருந்தால் இந்த நிலை வராது.

நான்காம் கேள்வி: நெருப்பை அடக்குகிறதா?

சாம்பல் கிண்ணத்தின் உண்மையான வேலை சாம்பலைச் சேர்ப்பதன்று, நெருப்பை அடக்குவது. புகையும் சிகரெட்டின் நுனி 600 முதல் 700 பாகை செல்சியஸ் வரை இருக்கும். இழுக்கும் நேரத்தில் 900 பாகையைத் தொடும். காகிதம் தீப்பற்ற ஏறத்தாழ 230 பாகை போதும். இந்த நெருப்பை, பஞ்சும் பிரம்பும் துணியும் சூழ்ந்த ஒரு நாற்காலியின் விளிம்பில் வைக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

கிண்ணத்தின் விளிம்பில் நான்கு பள்ளங்கள் இருக்கின்றன. சிகரெட்டை அங்கே வைக்கலாம். 70 மி.மீ. நீளமுள்ள ஒரு சிகரெட்டை, வாய்ப்பக்கம் 30 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பள்ளத்தில் வைப்பதாகக் கொள்வோம். தொடக்கத்தில் அதன் ஈர்ப்பு மையம் வாய்நுனியிலிருந்து 35 மி.மீ. தூரத்தில், அதாவது விளிம்புக்கு உட்புறம் இருக்கும். 10 மி.மீ. எரிந்தபின் மிச்சம் 60 மி.மீ.; ஈர்ப்பு மையம் இப்போது மிகச் சரியாக விளிம்பின்மேல். சாம்பலின் சிறு எடையை விட்டுவிட்டால், அதற்குமேல் எரிய எரிய ஈர்ப்பு மையம் வெளியே வந்துவிடும். சிகரெட் வெளிப்பக்கம் சாய்ந்து நாற்காலிமேல் விழும். யாரும் தொடவேண்டாம், காற்றும் அடிக்கவேண்டாம். மறந்துவிட்டுப் போனாலே போதும். அப்படி மறந்து போகிறவருக்காகத்தானே பள்ளமே வைத்தார்கள்! பள்ளத்தை விளிம்பில் வைக்காமல் கிண்ணத்தின் நடுவே ஒரு சிறு மேடையில் வைத்திருந்தால், எப்படி விழுந்தாலும் உள்ளேயே விழும்.

மாமா குடிப்பதோ பீடி. பீடி கூம்பு வடிவம். வாய்ப்பக்கம் குறுகியும் எரியும் பக்கம் அகன்றும் இருக்கும். அகன்ற பக்கம் முதலில் எரிவதால் எடை அங்கேதான் விரைவாகக் குறையும்; ஈர்ப்பு மையம் இன்னும் வேகமாக வாய்ப்பக்கம் நகரும். 8 மி.மீ. உருளைக்கு அளவெடுத்த பள்ளத்தில் கூம்பு சரியாக அமர்வதுமில்லை. பீடி இலையில் காற்று எளிதில் புகாது. இழுக்காமல் வைத்தால் பீடி பெரும்பாலும் அணைந்துவிடும். நம் வீடுகளை இதுவரை காப்பாற்றியது இலையின் அந்தக் குணமே. கிண்ணத்துக்கு அதில் பங்கில்லை. வேறொரு நாட்டில் வேறொரு பொருளுக்காகச் செய்த வடிவத்தைப் பார்த்து அப்படியே படியெடுத்தால் இவ்வாறுதான் ஆகும்.

இனி காற்று. பூதப்பாண்டிக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் தூரம் அதிகமில்லை. ஆனி, ஆடி மாதங்களில் அங்கே வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். விநாடிக்கு 5 மீட்டர் வேகமுள்ள ஓர் இளங்காற்று ஏறத்தாழ 15 பாஸ்கல் அழுத்தத்தைத் தரும். ஒரு சதுர செ.மீ. பரப்பும் 5 மில்லிகிராம் எடையும் உள்ள சாம்பல் சருகு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். காற்று அதைத் தள்ளும் விசை, அதன் எடையைப்போல் 30 மடங்கு. மூடியில்லாத ஆழமற்ற கிண்ணத்தில் அந்தச் சருகு எப்படித் தங்கும்? கனலோடு கூடிய துகளும் அதோடு பறக்கும். ஆழமான கிண்ணம், அடியில் மணல், மேலே மூடி: இந்த மூன்றில் ஒன்றுகூட இங்கே இல்லை.

ஐந்தாம் கேள்வி: யாருக்காக?

இதுவரை சொன்ன குறைகளைத் திருத்திவிடலாம். கைப்பலகைக்கும் தாங்கிக்கும் இடையே 4 பாகைச் சாய்வுள்ள மர ஆப்பு ஒன்று போதும்; 10 செ.மீ. நீள அடிக்கு ஒரு முனையில் 7 மி.மீ. உயரம். முளை நிலைக்குத்தாகிவிடும். சுருள்வில்லும் சிறு இரும்புக் குண்டும் வைத்து, குறித்த இடங்களில் குழியில் விழுந்து நிற்கும்படி செய்யலாம். அந்தப் பிடி 0.3 நியூட்டன்-மீட்டர் இருந்தால், 14 பாகை சாய்வு வரை கிண்ணம் நகராது. ஆனாலும் முழங்கால் பட்டால் வழிவிடும். இவ்வளவையும் ஒரு தாளில் வரைந்து மாமாவிடம் கொடுக்கவும் செய்தேன்.

அன்று மாலை நடந்ததைச் சொல்கிறேன். மாமாவின் பேரனுக்கு ஒன்றரை வயது. உயரம் 80 செ.மீ. இருப்பான். கைப்பலகையின் உயரம் 60 செ.மீ. கணக்குப் பார்த்தால், கிண்ணம் அவன் மார்புக்கு நேராக இருக்கிறது. மாமா உள்ளே போயிருந்தார். தாங்கி அவருக்குச் செய்யும் சேவையை அவனுக்கும் செய்தது: ஒரு விரலால் இழுத்ததும் கிண்ணம் கைக்கு வந்துவிட்டது. அணைந்த பீடித் துண்டு ஒன்றை எடுத்து அவன் வாய்க்குக் கொண்டுபோனதை அத்தை பார்த்துவிட்டார். புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் நஞ்சு. சிறு குழந்தை ஒரு துண்டை விழுங்கினாலே வாந்தியும் மயக்கமும் வரக்கூடும். நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. கிண்ணம் நெருப்போடு இருந்திருந்தால்?

என் கையிலிருந்த வரைபடத்தை அப்போது திரும்பப் பார்த்தேன். அதில் திருப்புத்திறன் இருந்தது, உராய்வு இருந்தது, சுருள்வில் இருந்தது, குழந்தை இல்லை. ஒரு கருவியை மதிப்பிடும்போது, அதைப் பயன்படுத்துபவரை மட்டும் எண்ணுவது போதாது. அதன் அருகில் வாழ்பவரையும் எண்ண வேண்டும். நான் திருத்தியது முளையை மட்டுமே.

புகையும் அப்படிப்பட்டதே. புகையிலைப் புகையில் 7000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் குறைந்தது 69 புற்றுநோய் உண்டாக்கவல்லவை. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதில் ஆபத்தற்ற அளவு என்று ஒன்று இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. கிண்ணம் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் மாமா எழவேண்டியதில்லை. எழாததால் புகை வீட்டுக்குள்ளேயே தங்குகிறது. முதல் கேள்வியில் நான் கொடுத்த முழு மதிப்பெண் இங்கே குற்றமாக மாறிவிடுகிறது.

சட்டம் சொல்வது என்ன?

பொது இடங்களில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999-இல் தடை செய்தது. உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் நாடு முழுவதற்கும் அவ்வாறு ஆணையிட்டது. 2003-இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. புகைத்தல் தடை செய்யப்பட்ட பொது இடத்தில் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி போன்றவற்றை வைக்கக் கூடாது என்பது அவ்விதிகளில் ஒன்று. கிண்ணம் இருப்பதே ‘இங்கே புகைக்கலாம்’ என்று அழைப்பதுபோல் ஆகும் என்ற எண்ணம் சரியானதே.

ஆனால் இதற்கு நேர் மாறான விதி ஒன்றும் உலகில் இருக்கிறது. 1973 ஜூலை 11 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்கு வந்துகொண்டிருந்த வாரிக் நிறுவனத்தின் போயிங் 707 விமானத்தில், கழிவறைக் குப்பைக்கூடையில் தீ மூண்டு, புகை சூழ்ந்து, 123 பேர் இறந்தனர். அணையாத சிகரெட் துண்டு காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அதன்பின் விமானக் கழிவறைக் கதவருகே சாம்பல் கிண்ணம் கட்டாயமாயிற்று. இன்று விமானத்தில் புகைக்கத் தடை இருக்கிறது, கிண்ணமும் இருக்கிறது. தடையை மீறும் ஒருவன் துண்டைக் காகிதக் குப்பையில் போட்டுவிடக் கூடாதே என்பதற்காக.

இரண்டு விதிகளும் சரிதான். ஒன்று புகைப்பதற்கு வசதி செய்யாதே என்கிறது. மற்றொன்று நெருப்புக்கு ஓர் இடம் வை என்கிறது. வசதியையும் பாதுகாப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் முரண்பாடு மறைந்துவிடும். மாமாவின் தாங்கி இந்த இரண்டையும் குழப்பிவிட்டது: வசதியை முழுதாகக் கொடுத்தது, பாதுகாப்பைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்.

ஆகவே என் தீர்ப்பு இது. சுழல் கை நல்ல கருத்து. அதன்மேல் ஏற்றிய சுமை தவறு. சாம்பல் கிண்ணம் நாற்காலியில் இருக்கக் கூடாது. வீட்டுக்கு வெளியே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், மணல் நிரம்பிய, மூடியுள்ள, அசையாத பாத்திரமாக இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் எழுந்து போக வேண்டியிருக்குமே என்பீர்கள். எழுந்து போக வேண்டியிருப்பதே அதன் சிறப்பு.

மாமா இதை முழுதாக ஒப்புக்கொண்டார் என்று எழுதினால் பொய்யாகும். “வாத்தியாருக்கு வேற வேலை இல்லை” என்றார். ஆனாலும் ஆப்பு வைக்கச் சம்மதித்தார். கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, அந்தக் கையில் ஒரு மரத்தட்டைப் பொருத்தினோம். மூக்குக் கண்ணாடியும் தண்ணீர் டம்ளரும் இப்போது அதில் இருக்கின்றன. வைத்த இடத்தில் நிற்கின்றன. பழைய மண்சட்டி ஒன்றில் மணல் போட்டு முற்றத்துக்கு அப்பால் மதில்மேல் வைத்திருக்கிறார் அத்தை. பீடி நிற்கவில்லை. மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு மதில் வரை போவதற்குச் சோம்பல்பட்டு, ஒன்றிரண்டு குறைந்திருப்பதாக அத்தை கணக்குச் சொல்கிறார். மாமா மறுக்கிறார்.

செய்து பாருங்கள்

மாணவர்களே, இதற்குச் சோதனைச்சாலை வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பாதி திறந்து விடுங்கள். சில நிற்கும், சில தாமாக மூடும், சில தாமாக முழுதும் திறந்துகொள்ளும். நிற்காத கதவின் கீல் பக்கத்தில் நூலும் நட்டும் கொண்டு தூக்குக்குண்டு பிடித்து, மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே எவ்வளவு சாய்வு என்று அளந்து எழுதுங்கள். கதவின் குறுக்காக ஒரு முறையும் கதவின் தளத்திலேயே ஒரு முறையும் அளக்க வேண்டும். பழைய வீடாக இருந்து, கீலுக்குப் பதில் மரக்குடுமியில் திரும்பும் கதவு இருந்தால் அதையும் பாருங்கள். தடித்த குடுமியில் திரும்பும் கனத்த கதவு, சாய்வைப் பொருட்படுத்தாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். நிற்கிறது என்றால் காரணத்தை இக்கட்டுரையின் கணக்கிலிருந்து நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

அதோடு, வீட்டில் எங்கேனும் ஒரு சாம்பல் கிண்ணம் இருந்தால், தரையிலிருந்து அதன் உயரத்தையும் அளந்து பாருங்கள். பக்கத்தில் வீட்டிலுள்ள மிகச் சிறிய குழந்தையின் உயரத்தையும் எழுதி, இரண்டு எண்களையும் பெரியவர்களிடம் காட்டுங்கள்.